தவளையை அறுக்க மாட்டேன், பாடத்தைப் படிப்பேன்: டிசெக்‌ஷன் மறுப்பு என்றால் என்ன?

சென்னையில் அந்தக் காலத்தில், பிளஸ் டூ வருவதற்கு முன்பிருந்த பி.யு.சி.யில் விலங்கியல் படித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். படித்த பாடம் பாதி மறந்திருக்கும். மெழுகுத் தட்டில் மல்லாந்து கிடந்த தவளை மட்டும் மறந்திருக்காது. "அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல" என்பவர்கள் உண்டு. "அதைப் பார்த்துதான் டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசையே வந்துச்சு" என்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை.

அந்தத் தட்டின் முன்னால் நின்று, "இதை நான் செய்ய மாட்டேன், ஆனால் பாடத்தை ஒழுங்காகப் படிப்பேன்" என்று சொன்ன மாணவர்களும் இருக்கிறார்கள். உலகின் பல நாடுகளில் அவர்கள் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் சட்டத்தையும் பாடத்திட்டத்தையும் மாற்றியிருக்கிறது. அந்த மறுப்பு எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை, நம் ஊரில் அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

தட்டில் நடப்பது

டிசெக்‌ஷன் என்றால் ஓர் உயிரினத்தின் உடலைத் திறந்து, உள்ளுறுப்புகளை அவை இருக்கும் இடத்திலேயே பார்ப்பது. புத்தகத்தில் படமாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறை எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் கட்சி சேர முடியாது என்பதால், தவளையையே எடுத்துக்கொள்வோம்.

குளோரோஃபார்மில் நனைத்த பஞ்சைப் போட்ட ஜாடிக்குள் தவளையை விட்டு மூடுவார்கள். சில நிமிடங்களில் அது அசைவற்றுப் போகும். இதயத் துடிப்பு, நரம்புத் தூண்டல் போன்றவற்றைப் பார்க்க வேண்டிய சோதனை என்றால் முறை வேறு. தலைக்குப் பின்னால் ஊசியைச் செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் சிதைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பித்திங். மூளை போன பிறகும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். தவளையின் இதயத்துக்குத் துடிக்கும் கட்டளை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, அதன் தசையிலேயே துடிப்பு பிறக்கிறது. பாடம் என்ற அளவில் அருமையான பாடம்தான். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துவிட்டு "சார், இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு எல்லா ஆசிரியர்களிடமும் பதில் இருந்ததில்லை.

பிறகு தவளையைத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களையும் இழுத்து, மெழுகில் குண்டூசியைச் சாய்வாகக் குத்தி நிறுத்துவார்கள். நேராகக் குத்தினால் கத்தரிக்கோலுக்கு இடைஞ்சல். இடுக்கியால் வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்க வேண்டும். தவளையின் தோல் உடலோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதால் சுலபமாக உரிந்துவரும். அடியில் இருக்கும் தசைச் சுவரில் நட்டநடுவே ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதில் கத்தி பட்டால் தட்டு முழுக்க ரத்தம். அதனால் நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளியே வெட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். திறந்தால் மூன்று அறை இதயம், கல்லீரல், குடல், விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் கொழுப்பு. பெண் தவளையாக இருந்து, மழைக்காலமாகவும் இருந்தால் வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக முட்டைகள்.

கடைசியில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளில் உறுப்பின் பெயரை எழுதி அந்தந்த இடத்தில் குத்தி வைக்க வேண்டும். எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். ரெக்கார்ட் நோட்டில் பென்சிலால் வரைந்து கையெழுத்து வாங்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அத்தனையையும் ஒரு வாளியில் கொட்டி லேப் அட்டெண்டர் எடுத்துக்கொண்டு போவார்.

இந்த முறை நம் கல்லூரிகளுக்கு வந்தது இங்கிலாந்து வழியாக. 1870களில் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லி, உயிரியலைப் புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லித்தரக் கூடாது, மாணவர் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆய்வகப் பயிற்சியை வகுத்தார். தவளை அதில் முக்கிய இடம் பிடித்தது. அன்றைக்கு அது முற்போக்கான மாற்றம், சந்தேகமில்லை. நெட்டுரு போடும் படிப்புக்கு எதிரான மாற்றமும்கூட. ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த பாடத்திட்டத்தோடு அது இங்கேயும் வந்து நூறாண்டுக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. தவளையோடு கரப்பான், மண்புழு, நத்தை, ஓணான், எலி, சுறா என்று பட்டியல் நீண்டது.

மறுப்பவர் என்ன கேட்கிறார்?

அறுக்க மாட்டேன் என்று சொல்லும் மாணவர்களை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்ப்பது தவறு. ஒருவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும். இன்னொருவருக்கு, உடல் கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினின் வாடை ஒத்துக்கொள்ளாது. அது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஓரத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும், அல்லது பழகிவிடும். மூன்றாமவர் இருக்கிறார். அவருக்குக் கை நடுங்காது, வாடையும் பிரச்சினையில்லை. "எனக்குப் பாடம் சொல்லித்தர இந்த உயிர் சாக வேண்டிய தேவை இருக்கிறதா?" என்பதுதான் அவருடைய கேள்வி. டிசெக்‌ஷன் மறுப்பு என்று நான் சொல்வது இந்த மூன்றாமவரின் நிலையை. இது மனச்சாட்சியின் பேரில் வரும் மறுப்பு.

இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மறுப்பவர் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவில்லை. மதிப்பெண் சலுகை கேட்கவில்லை. செய்முறை வகுப்பு நாளில் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கப் போவதாகவும் சொல்லவில்லை. அதே இதயத்தை, அதே மூன்று அறைகளை, அதே ரத்த ஓட்டத்தை வேறு வழியில் படித்து, எல்லோருக்கும் வைக்கும் அதே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்காருகிறேன் என்கிறார். மறுப்பு முறைக்குத்தான், பாடத்துக்கு இல்லை. இந்த வேறுபாடு ஆசிரியருக்குப் புரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மாணவருக்கே புரியாமல் போனால், சோம்பேறித்தனத்துக்குக் கருணை வேஷம் போடுகிறான் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

இதைத் தெளிவாக எழுதி வைத்த சட்டம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வந்தது. அதற்குக் காரணம் ஜெனிஃபர் கிரகாம் என்ற பள்ளி மாணவி. 1987-ல், பதினைந்து வயதில், உயிரியல் வகுப்பில் தவளையை அறுக்க மறுத்தார். பள்ளி விட்டுக்கொடுக்கவில்லை. மதிப்பெண்ணில் கை வைத்தது. வழக்கு நீதிமன்றம் போனது. நீதிபதி சொன்ன யோசனை கொஞ்சம் வேடிக்கையானது: இயற்கையாக இறந்த தவளை ஒன்றைப் பள்ளி தேடிக் கொடுக்கட்டும், அதை வைத்து மாணவி படிக்கட்டும். இயற்கையாகச் செத்த தவளையை யார் எங்கே போய்த் தேடுவது? ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு முக்கியமான ஒப்புதல் இருக்கிறது. மாணவியின் சிக்கல் உடலைப் பார்ப்பதில் இல்லை, அதற்காகக் கொல்வதில்தான் இருக்கிறது என்பதை நீதிபதி புரிந்துகொண்டிருக்கிறார்.

1988-ல் கலிஃபோர்னியா சட்டமே இயற்றியது. விலங்குகளைக் கொன்றோ சிதைத்தோ கற்பதில் ஒழுக்க அடிப்படையில் மறுப்பு உள்ள மாணவர் அதை ஆசிரியரிடம் சொல்லலாம், பெற்றோர் கடிதம் தர வேண்டும், ஆசிரியர் பொருத்தமான மாற்று வழி இருப்பதாகக் கருதினால் மாணவரோடு சேர்ந்து அதை வகுக்கலாம், மறுத்ததற்காக மதிப்பெண்ணில் பாகுபாடு காட்டக் கூடாது. இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: மாற்றுப் பணிக்கும் ஏறக்குறைய அதே அளவு நேரமும் உழைப்பும் தேவைப்பட வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் ஆகப் பிடித்த வரி அதுதான். சலுகை என்ற பேச்சுக்கே அது இடம் வைக்கவில்லை. அமெரிக்காவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் கலிஃபோர்னியா இல்லை. ஃபுளோரிடா 1985-லேயே போட்டுவிட்டது. இத்தாலியில் 1993-ல் வந்த சட்டம் மாணவர்களோடு, ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்கும் இந்த உரிமையைத் தந்தது.

"நாம கறி சாப்பிடறோமே?"

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டாவது நிமிடம் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மட்டன் வாங்குகிறோம், சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வாங்குகிறோம், வீட்டில் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறோம், லேபில் மட்டும் என்ன திடீர் ஜீவகாருண்யம்?

நியாயமான கேள்விதான். அசைவம் சாப்பிடும் மாணவர் தவளையை அறுக்க மறுக்கலாமா என்றால், தாராளமாக மறுக்கலாம். சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு, பாடத்துக்கு ஒரு கணக்கு. இந்த உயிர் சாகாமலே இந்தப் பாடத்தைச் சமமாகக் கற்க முடியுமா என்பது மட்டுமே வகுப்பறையில் எழும் கேள்வி. முடியும் என்றால் சாவு வீண். அந்த முடிவுக்கு வர யாரும் சைவமாக மாற வேண்டியதில்லை.

இதை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சைவம், அசைவம் என்ற பேச்சு உணவோடு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் சாதி நிற்கிறது, யார் வீட்டுச் சாப்பாடு உசத்தி என்ற பழைய வாதம் நிற்கிறது. டிசெக்‌ஷன் எதிர்ப்பைச் சைவப் பிரசாரத்தோடு சேர்த்துக் கட்டினால் வகுப்பில் பாதிப் பேர் அந்த நொடியே விலகிவிடுவார்கள். விலகுவது சரியும்கூட. பள்ளியில் குழுவாகச் சேர்ந்து இதைப் பேச விரும்பும் மாணவர்கள் மதிய டிபன் பாக்ஸை இதற்குள் இழுக்காமல் இருப்பதே நல்லது.

சென்னையிலிருந்து போன சட்டம்

இந்தியாவில் இந்த விவகாரத்தின் சட்ட வேர் சென்னையில் இருக்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக எல்லோருக்கும் தெரியும். அவர் 1952-ல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மிணி தேவிதான். வாரியத்தின் தலைமை அலுவலகம் 2018-ல் ஹரியானாவுக்குப் போகும் வரை சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டம் விலங்குகளைக் கொண்டு சோதனை செய்வதை அடியோடு தடை செய்யவில்லை. புதிய கண்டுபிடிப்புக்காகவும், உயிர் காக்கவும், நோய் தீர்க்கவும் சோதனை நடக்கலாம் என்கிறது. ஆனால் அதன் 17-வது பிரிவில் இரண்டு வரிகள் இருக்கின்றன. வகுப்பறைக்கு அந்த இரண்டும் போதும். கல்லூரிகளிலும் மருத்துவப் பள்ளிகளிலும் புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்ற பிற கற்பித்தல் கருவிகள் அதே அளவு பயன்தரும் என்றால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. வெறும் கைப்பழக்கத்துக்காகக் கூடுமானவரை சோதனை செய்யக் கூடாது என்பது இன்னொன்று. கவனியுங்கள், இது 1960. கம்ப்யூட்டர் என்ற பொருளைப் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்திராத காலம். அப்போதே மாற்று வழி உண்டா என்று முதலில் பார் என்று சட்டம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் ரஸல், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் விலங்குச் சோதனைக்கான மூன்று படிகளை முன்வைத்திருந்தார்கள்: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்து, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வலியைக் குறை. இன்று உலகம் முழுக்க ஆய்வக நெறிமுறைகளுக்கு அடிப்படை இந்த மூன்றும்தான்.

சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் வகுப்பறைக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. நடுவில் தவளைக்கு வேறொரு பக்கமிருந்து காப்பு வந்தது. வெளிநாட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளுக்காகத் தவளைக் கால் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலம் அது. வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளை குறைந்துபோவதைக் கண்டு 1987-ல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆய்வகத்துக்கு வந்த தவளைகளும் யாரும் பண்ணையில் வளர்த்தவை அல்ல, வயல்வெளியிலும் குட்டையிலும் பிடித்தவைதான். ஒரு மாணவருக்கு ஒரு தவளை, ஒரு வகுப்புக்கு ஒரு சாக்கு என்று போட்டு, எத்தனை கல்லூரி, எத்தனை ஆண்டு என்று பெருக்கிப் பார்த்தால், கருணை பற்றிக் கவலைப்படாதவரும் சூழலைப் பற்றிக் கவலைப்பட்டாக வேண்டும்.

சென்னை வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸ் அமைப்பைத் தெரு நாய்களுக்காகத்தான் பலருக்கும் தெரியும். கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் தொடங்கியது. தவளையைத் திரையில் அறுத்துப் பார்க்க 'கம்ப்யூஃப்ராக்' என்ற மென்பொருளை உருவாக்கியதும் அவர்கள்தான். எலிக்கு 'கம்ப்யூரேட்'. இன்றைய கண்ணுக்கு அவை பழசாகத் தெரியலாம். ஆனால் தவளை வேண்டாம் என்று கோஷம் போடுவதோடு நிற்காமல், இந்தா, அதற்குப் பதில் இது என்று ஒரு பொருளைக் கையில் கொடுத்தது பெரிய விஷயம். நிர்வாகங்களிடம் எடுபடுவது அதுதான். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் விலங்குச் சோதனைக்கு மாற்று வழிகளைத் தேடவென்றே மகாத்மா காந்தி பெயரில் ஒரு மையம் தொடங்கப்பட்டதும் இதே வழியில்தான்.

பள்ளி அளவில் சி.பி.எஸ்.இ. டிசெக்‌ஷனைக் கைவிட்டது. கல்லூரிகளுக்கு, 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு படிப்படியாகக் குறைக்கச் சொன்னது: இளங்கலையில் மாணவர்கள் அறுக்க வேண்டாம், ஆசிரியர் மட்டும் ஓர் உயிரினத்தைச் செய்துகாட்டலாம், முதுகலையில் அறுப்பதா, அதற்குப் பதில் புராஜெக்ட் செய்வதா என்று மாணவரே தேர்வு செய்யலாம். 2014-ல் இரண்டுக்குமே முழுத் தடை வந்தது. அதே ஆண்டு மருத்துவக் கல்வியிலும் உடலியங்கியல், மருந்தியல் பாடங்களின் விலங்குச் சோதனைகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வழிப் பயிற்சி வந்தது. மாணவர்களும் விலங்கு நல அமைப்புகளும் பேராசிரியர்கள் சிலரும் ஆண்டுக்கணக்கில் மனு மேல் மனு போட்டதன் பலன் இது. இந்தியாவில் இந்த இயக்கம் தெருவில் நடந்ததைவிட ஃபைலில் நடந்ததுதான் அதிகம்.

அறுக்காமல் படித்தால் மண்டையில் ஏறுமா?

மாற்று வழியில் படித்தவர்களையும் அறுத்துப் படித்தவர்களையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால், மாற்று வழியில் படித்தவர்கள் சமமாகவோ மேலாகவோ செய்திருப்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. ஆச்சரியமில்லை. நிஜத் தவளையில் ஒரு முறை தவறாக வெட்டினால் அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது. திரையில் நூறு முறை திறந்து மூடலாம். 1994-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரு தவளையின் உடலை முப்பரிமாணத்தில் இணையத்தில் ஏற்றியது. 2018-ல் ஆப்பிள் நிறுவனம் ஆண்டின் சிறந்த ஐபேட் செயலியாகத் தேர்ந்தெடுத்த 'ஃப்ராகிபீடியா' நம் அகமதாபாத்தில் செய்யப்பட்டது. தொட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, 2019-ல் ஃபுளோரிடாவின் ஒரு பள்ளி செயற்கைத் தசையும் தோலும் கொண்ட தவளைகளை வகுப்பில் வைத்து அறுத்துக் காட்டியது. விலை நம் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது வேறு கதை.

ஆனால் எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. திரைத் தவளை எல்லாமே ஒரே மாதிரி. நிஜ உடல்கள் அப்படி இல்லை. ஒன்றில் கல்லீரல் பெரிதாக இருக்கும், ஒன்றில் முட்டைகள் மற்ற எதையும் பார்க்கவிடாது. புத்தகம் சொல்வதற்கும் உடல் காட்டுவதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் உயிரியலில் பாதி. ஈரமான திசு கத்திக்கு எப்படி வழிவிடும் என்பதைக் கண்ணாடித் திரை சொல்லாது. பழைய பேராசிரியர்கள் இதைச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கும் எத்தனை பேர் கத்தி பிடிக்கும் தொழிலுக்குப் போகிறார்கள்? நீட் தேர்விலும் தவளையின் உள்ளமைப்பைக் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள். அறுக்கவா சொல்கிறார்கள்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் தவளையைப் பார்ப்பதும் விலங்கியல்தான், அதை நாம் பாடமாகவே கருதுவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சென்னையின் புறநகர்க் குட்டைகளில் இந்தியப் பெருந்தவளையின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடைக்கு இருபுறமும் நீலநிறக் குரல்பைகளை உப்பிக்கொண்டு கத்தும். வண்ணம் ஏன் மாறுகிறது, பை எதற்கு, பெண்ணுக்கு அது ஏன் இல்லை, முட்டை எந்த மாதிரித் தண்ணீரில் இருக்கிறது என்று குறிப்பெடுத்தால் ஒரு நல்ல புராஜெக்ட் கைக்கு வந்துவிடும். டார்ச், குடை, கூட ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

தவளை போய்விட்டது, ஆட்டு இதயம் வந்துவிட்டது

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பிளஸ் டூ செய்முறை என்றால் இன்று பெரும்பாலும் ஸ்பாட்டர் (வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்வது), ஸ்லைடு, மாதிரி என்றாகிவிட்டது. ஆனாலும் சில பள்ளிகளில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயமோ கண்ணோ, மார்க்கெட்டிலிருந்து மீனோ வாங்கிவந்து வகுப்பில் அறுத்துக் காட்டுகிறார்கள். கோடை விடுமுறை அறிவியல் முகாம்களிலும் இதைப் பார்க்கலாம்.

இது தவளை விவகாரத்தோடு அப்படியே பொருந்தாது. அந்த ஆடு பாடத்துக்காகச் சாகவில்லை, கறிக்காக வெட்டியது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த இதயம் கடையில் தொங்கத்தான் போகிறது. ஆகவே இதைத் தடை செய்யச் சொல்லும் வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. ஆட்டின் இதயத்தைக் கையில் வாங்கி, இடது கீழறையின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்று விரலால் அமுக்கிப் பார்த்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் தொட மனமில்லாத பிள்ளைக்கு வேறு வழி அதே வகுப்பில் இருக்க வேண்டும். கேலி இல்லாமல் இருக்க வேண்டும். "அவ அய்யர் வீட்டுப் பொண்ணு, விட்டுடுங்க" என்று சாதியைச் சொல்லி விலக்குவதும், "டாக்டருக்குப் படிக்கப் போறவ இப்படி பயந்தா எப்படி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பதும் இரண்டுமே தப்பு. முகாம் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே என்ன உயிரினம், எங்கிருந்து வருகிறது, உயிரோடு கொண்டுவந்து அங்கே கொல்கிறார்களா என்று பெற்றோர் கேட்டுவிடலாம். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

மறுக்க நினைக்கும் மாணவர் கத்தியை நீட்டிய பிறகு மறுப்பதைவிட முந்தின வாரமே ஆசிரியரைத் தனியாகப் பார்ப்பது நல்லது. நாற்பது பேர் முன்னால் மறுத்தால் அது ஆசிரியருக்கு மரியாதைப் பிரச்சினையாகிவிடும், பிறகு தவளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வாயால் சொன்னதோடு ஒரு தாளில் எழுதியும் கொடுக்கலாம். இப்படி:

"மதிப்பிற்குரிய விலங்கியல் ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். அடுத்த வாரச் செய்முறை வகுப்பில் மீனை அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்க்க இருக்கிறோம். அதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை. பாடத்திலிருந்து விலக்குக் கேட்கவில்லை. அதே உறுப்புகளை மாதிரியையும் படங்களையும் வைத்துப் படித்து, ரெக்கார்டில் வரைந்து பெயர் குறித்துத் தருகிறேன். மற்றவர்களுக்குக் கேட்கும் கேள்விகளையே என்னிடமும் வைவாவில் கேளுங்கள். என் பெற்றோரும் இதை அறிவார்கள், கீழே கையொப்பமிட்டுள்ளார்கள்."

இவ்வளவு போதும். சட்டப் பிரிவை எல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதினால் மிரட்டுவது போலாகிவிடும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கே சரி என்பார்கள். மறுத்தால் தலைமையாசிரியரிடம் பெற்றோரோடு போகலாம். அப்போது 17-வது பிரிவையும், அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவையும் சொல்லலாம். குடிமக்களின் கடமைகளைச் சொல்லும் அந்தப் பிரிவில், உயிர்களிடம் கருணை காட்டுவது ஓர் உட்பிரிவு. அதற்கு அடுத்த உட்பிரிவே அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் அறிவியலா கருணையா என்ற வாதம் அங்கேயே அடங்கும்.

அப்படியானால் டாக்டர்கள்?

மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுக்காமல் முடியாது. ஆனால் அங்கே மேசையில் கிடப்பவர்களில் பலர் தாமே விரும்பித் தம் உடலை எழுதிக் கொடுத்தவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை அப்படி உடல் தானம் பெறுகிறது. முதலாமாண்டு மாணவர்கள் கத்தி எடுப்பதற்கு முன், அந்த உடலை மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. தவளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

கால்நடை மருத்துவம் இன்னும் சிக்கலானது. வேப்பேரியில் 1903-லிருந்து இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்பவர் நாளைக்கு உயிருள்ள மாட்டின் வயிற்றைத் திறந்தாக வேண்டும். திரையில் மட்டும் படித்துவிட்டு அதைச் செய்ய முடியாது. அதற்கு உலகில் பல கல்லூரிகள் கண்ட வழி, நோயாலோ விபத்தாலோ இறந்த செல்லப்பிராணிகளின் உடலை உரிமையாளரின் சம்மதத்தோடு பெற்று உடற்கூறு படிப்பது. கத்தி பிடிக்கும் கைப்பழக்கத்துக்கு, மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்க, தெரு நாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய விடுகிறார்கள். மாணவர் கற்றுக்கொள்கிறார், நாய் தையல் ஆறியதும் பிடித்த தெருவிலேயே திரும்ப விடப்படுகிறது.